பதிவாகாத பதினொரு கிலோமீட்டர்

கடத்தூரைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போயிருப்பாள். கலைமதியின் கையிலிருந்த வாட்ச் இரண்டு முறை அதிர்ந்தது. வேகத்தைக் குறைக்காமலே மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். பேட்டரி இரண்டு சதவீதம் என்று சிவப்பில் காட்டியது. அதற்குக் கீழே 38.72 கிலோமீட்டர். அடுத்த புளியமரத்தை எட்டுவதற்குள் இன்னொரு முறை அதிர்ந்து, ஓட்டம் சேமிக்கப்பட்டது என்று ஒரு வரியைக் காட்டிவிட்டுத் திரை கறுத்துப்போனது.

பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். வாட்சைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, மறுபடியும் அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. செல்போன் பத்து மணி சுமாருக்கே அணைந்துவிட்டது. இடுப்புப் பையில் அது வெறும் கனமாகக் கிடந்தது.

பொம்மிடி ரயில் நிலையத்துக்கு இன்னும் பதினொரு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மரவள்ளி நின்றது. காலை ஐந்து மணிக்கு அதியமான்கோட்டையில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியவள், தண்ணீர் குடிக்கவும் ஒருமுறை வாழைப்பழம் வாங்கவும் தவிர வேறெதற்கும் நிற்கவில்லை. இப்போது நின்றுவிட்டாள். நின்றதும் தொடை இரண்டும் நடுங்க ஆரம்பித்தன.

கலைமதிக்கு நாற்பத்து நான்கு வயது. தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் தபால் பிரிவில் உதவியாளர். கணவர் மாதவராஜ் மஸ்கட்டில் டவர் கிரேன் ஓட்டுகிறார். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வந்து போவார். ஒரே மகள் யுவராணி கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில். அவளும் போன பிறகு கலைமதி குக்கரில் ஒரு டம்ளர் அரிசி வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அளவுக்குத் தண்ணீர்க் கணக்கு பிடிபட ஒரு மாதமானது. முதலில் எல்லாம் அடிப்பிடித்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். நடந்தாள். நடை ஆறு மாதத்தில் ஓட்டமாக மாறியது. அந்தச் சமயம் லீவில் வந்திருந்த மாதவராஜ், தான் இரண்டு வருடம் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி, "எனக்கு இந்தப் பட்டை அரிக்குது, நீ கட்டிக்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது அவள் கையை விட்டு இறங்கவில்லை. எங்கே ஓடினாள், எவ்வளவு தூரம், இதயம் எத்தனை முறை துடித்தது எல்லாம் அதற்குத் தெரியும். ராத்திரி சாப்பிட்ட பிறகு அவள் போனை எடுத்துக் காலையில் ஓடிய பாதையை வரைபடத்தில் பார்ப்பாள். ஏரியைச் சுற்றி ஒரு நீலக்கோடு. சில நாள் வெறுமனே அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வாட்ஸ்அப்பில் ஒரு ஓட்டக் குழு இருந்தது. பல மாவட்டங்களிலிருந்து முந்நூறு பேர். யாரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. நீலக்கோட்டைப் படம் எடுத்து அதில் போடுவாள். பத்துப் பதினைந்து பேர் கைத்தட்டல் போடுவார்கள். அலுவலகத்தில் இது எதுவும் யாருக்கும் தெரியாது. ஒருநாள் மட்டும் நெடுஞ்சாலை ஓரமாக ஓடிக்கொண்டிருந்தபோது நில அளவைப் பிரிவு ஆள் ஒருவர் பைக்கை நிறுத்தி, "என்னாங்க மேடம், வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

டிசம்பர் தொடக்கத்தில் அந்தக் குழு ஜனவரிக்கு ஒரு சவால் அறிவித்தது. அவரவர் ஊரிலேயே, மாதத்தின் ஏதாவது ஒருநாள், ஒரே மூச்சில் ஐம்பது கிலோமீட்டர். ஒரே கருவியில், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பதிவாக இருக்கவேண்டும் என்பது விதி. முடித்தவர்கள் பெயர் பட்டியலில் வரும், பதக்கம் தபாலில் வரும். அடுத்தவர்களுக்கு வந்த தபாலைப் பதிந்து பதிந்து இருபது வருடம் போக்கியவளுக்குத் தன் பெயருக்கு ஒன்று வரட்டும் என்று தோன்றியது.

பாதையை அவளே போட்டாள். அதியமான்கோட்டை, தருமபுரி, கடத்தூர், அங்கிருந்து பொம்மிடி. நேர்வழியில் ஐம்பது வராது என்பதால் கடைசிப் பகுதியில் கிராமச் சாலைகளில் சுற்றிப் போகிற மாதிரி வைத்தாள். டிசம்பரில் முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிப் பார்த்தபோது வாட்சில் நாற்பது சதவீதம் மிச்சமிருந்தது. கணக்குப் போட்டால் ஐம்பதுக்கு இழுத்துப்பிடித்து வந்துவிடும்.

அன்று செய்யாத ஒரு காரியத்தை இன்று செய்திருந்தாள். நேற்று ராத்திரி, தான் இருக்கும் இடத்தை மற்றவர்கள் நேரலையாகப் பார்க்கிற வசதியை ஆன் செய்து, அதன் லிங்க்கை மாதவராஜுக்கும் யுவராணிக்கும் அனுப்பினாள். 'காலைல இத அமுக்குனா நான் எங்க ஓடிட்டு இருக்கேன்னு தெரியும்' என்று எழுதினாள். மாதவராஜ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். யுவராணி 'சூப்பர் மா' என்று போட்டாள். காலையில் இருட்டில் ஓடும்போது, பாட்டு எதுவும் கேட்காமலே அவளுக்குத் துணை இருந்த மாதிரி இருந்தது. தருமபுரி பஸ் நிலையத்தைத் தாண்டுகையில், மகள் இப்போது எழுந்து போனில் புள்ளி நகர்வதைப் பார்ப்பாள் என்று நினைத்துக் கொஞ்சம் நிமிர்ந்துகூட ஓடினாள்.

இப்போது வாட்சும் இல்லை, போனும் இல்லை. மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி மூன்று கிலோமீட்டர் நடந்தால் கடத்தூரில் பஸ் ஏறலாம். இனி ஓடுவது எதிலும் ஏறாது. ஏறாத ஓட்டத்துக்குக் கால் எதற்கு நோகவேண்டும்?

ஏனென்று அவளுக்கே தெரியவில்லை, கறுத்த வாட்சை மறுபடியும் கையில் கட்டிக்கொண்டு பொம்மிடிப் பக்கமாக ஓட ஆரம்பித்தாள்.

எண் இல்லாமல் ஓடுவது வேறு மாதிரி இருந்தது. எவ்வளவு வந்தோம், எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. பழக்கத்தில் மணிக்கட்டைத் திருப்புவாள், அதில் தன் முகத்தின் நிழல் தெரியும். தக்காளித் தோட்டம் வந்தது. பூட்டிய பஞ்சர் கடை வந்தது. அப்புறம் ஒரு ரயில்வே கேட். கேட் இறங்கியிருந்தது. நின்றால் கால் பிடித்துக்கொள்ளும் என்று, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தாள். சரக்கு ரயில் ஒன்று முடிவே இல்லாமல் போனது. கேட் திறந்ததும் குனிந்த தலை நிமிராமல் தண்டவாளத்தைக் கடந்தாள்.

பொம்மிடி நிலையத்தைச் சேர்ந்தபோது வெளியே இருந்த கடிகாரத்தில் ஒன்று நாற்பது. வாசலுக்குப் பக்கத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தாள். ஒரு ஆட்டோக்காரர், "எங்கம்மா போகணும்?" என்றார். எங்கும் இல்லை என்று தலையை ஆட்டினாள். சோடா ஒன்று வாங்கிக் குடித்தாள். ஐம்பது கிலோமீட்டர் ஓடி முடித்த பிறகு செய்ய வேறு எதுவும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து போனை சார்ஜில் போட்டு, குளித்துவிட்டு வந்து பார்த்தாள். அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை. யுவராணியிடமிருந்து ஒரு செய்தி இருந்தது: 'மா ஆதார் ஜெராக்ஸ் போட்டோ எடுத்து அனுப்பு அர்ஜென்ட்.' அதை அனுப்பிவிட்டு, தான் அனுப்பிய லிங்க்கைத் தானே திறந்தாள். வரைபடத்தில் அவள் புள்ளி கடத்தூருக்கு முன்னால், போன் செத்த இடத்தில் அப்படியே நின்றிருந்தது. அதற்கு அடியில் சிறிய எழுத்தில் பார்த்தவர்கள் பூஜ்யம் என்று இருந்தது.

அவள் புள்ளி நடுச்சாலையில் நின்று ஆறேழு மணி நேரமாகியும் யாருக்கும் அது தெரியவில்லை.

ஏழு மணிக்கு மாதவராஜ் கூப்பிட்டார்.

"என்னா மதி, ஓடி முடிச்சியா?"

"முடிச்சன். ஆனா வாட்ச் முப்பத்தெட்டுலயே நின்னுபோச்சுங்க."

"அது அஞ்சு வருசத்து வாட்ச்சு. எத்தன நாளைக்கித்தான் தாங்கும்? அடுத்த லீவுக்கு வரப்ப புதுசு வாங்கியாரன்."

"லிங்க் அனுப்பியிருந்தனே, பாத்தீங்களா?"

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"கிரேன் மேல போன் எடுத்துட்டுப் போகக் கூடாது மதி, தெரியுமில்ல. கீழ எறங்குனப்ப மறந்துட்டன். வேற என்னா?"

"வேற ஒண்ணுமில்லீங்க."

திங்கட்கிழமை மதியம், அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது சேலத்திலிருந்து அறிவழகன் என்பவர் பேசினார். சவாலின் பதிவுகளைச் சரிபார்க்கிறவர். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாராம். கலைமதி வராந்தாவுக்கு வந்து பேசினாள்.

"மேடம், உங்க பைலப் பாத்தன். முப்பத்தெட்டு புள்ளி ஏழு ரெண்டுல நின்னிருக்கு. காலு ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

"காலு நல்லாத்தான் இருந்துச்சுங்க. வாட்ச்ல சார்ஜ் போயிருச்சு. நான் அம்பதும் ஓடிட்டன்."

"அடடா. செட்டிங்ஸ் என்னென்ன ஆன்ல இருந்துச்சு?"

சொன்னாள். திரை அணையாமல் எரிந்தது, நாடித்துடிப்பு தொடர்ந்து பார்த்தது, நேரலை.

"நேரலை போட்டீங்களா? அங்கதாங்க போச்சு. சேட்டிலைட்டப் புடிக்கறதுக்கே பாதி சார்ஜ் போவும். நேரலை போட்டா வாட்ச் போனோட விடாம பேசிக்கிட்டே இருக்கணும். புது பேட்டரின்னா தாங்கும். அஞ்சு வருசப் பேட்டரி முன்ன மாதிரி முழுசாப் புடிக்காது. அது ஒண்ணு மட்டும் ஆஃப் பண்ணியிருந்தீங்கன்னா அம்பதும் ஏறியிருக்கும்."

"வூட்ல இருக்கறவங்க பாக்கட்டும்னு போட்டன்."

"நல்லதாப் போச்சு மேடம். பாத்துட்டிருந்தவங்க யாராச்சும் அப்ப ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருப்பாங்களா? அத அனுப்புனீங்கன்னா கூட..."

"இல்லீங்க" என்றாள் கலைமதி. பிறகு, "யாரும் எடுக்கல" என்று சேர்த்துக்கொண்டாள்.

அறிவழகன் யோசித்தார். கருவி பழுதானவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது என்றார். பதிவாகாத பகுதியில் அவள் ஓடியதைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர் வேண்டும். சொந்தக்காரர்களாகவோ நண்பர்களாகவோ இருக்கக் கூடாது. பெயரும் போன் நம்பரும் கொடுத்தால் அவரே கூப்பிட்டு விசாரித்துக்கொள்வார். மாதக் கடைசிக்குள் வேண்டும்.

"ரெண்டு பேருதான மேடம். பதினோரு கிலோமீட்டர்ல ரெண்டு பேரு பாக்காமலா இருந்திருப்பாங்க?"

அடுத்த ஞாயிறு கலைமதி ஸ்கூட்டியில் கடத்தூர் போனாள். வாட்ச் நின்ற புளியமரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள். என்ன கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். போன வாரம் நான் இந்த வழியாக ஓடினேன், பார்த்தீர்களா? மனதுக்குள் சொல்லும்போதே அது பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

தக்காளித் தோட்டத்தில் ஏழெட்டுப் பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று கேட்டாள். ஒருத்தி நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓடுனீங்களா? எதுக்கு?"

"சும்மா... ஒரு போட்டிக்கிங்க."

"நாங்க குனிஞ்சா பொழுது சாயத்தான் நிமிருவோம். ரோட்ட எங்க பாக்கறது?" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. போகும்போது கைநிறையத் தக்காளி அள்ளிக் கொடுத்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் இருந்த கிழவருக்குக் காது கேட்கவில்லை. ஆடு மேய்த்தவர் அன்றைக்குத் தாம் வேறு பக்கம் போயிருந்ததாகச் சொன்னார். பஞ்சர் கடை இன்று திறந்திருந்தது. கடைக்காரர் சின்னராஜுக்கு முப்பது வயதிருக்கும். கேள்வியை முடிக்கவிடவில்லை.

"பாத்தனே மேடம்! செவப்பு டீசர்ட்டு. சர்ருனு போனீங்க. யார்ரா இதுன்னு கூட நெனச்சன்."

கலைமதி அன்று போட்டிருந்தது சாம்பல் நிற முழுக்கைச் சட்டை. கடையின் ஷட்டரும் அன்று இறங்கியிருந்தது.

"கடை பூட்டியில்ல இருந்துச்சு?"

சின்னராஜ் கூச்சமில்லாமல் சிரித்தார். "பூட்டியிருந்தா என்னாங்க. நம்பரு எழுதிக்கங்க. யாரு போன் பண்ணாலும் பாத்தேன்னு அடிச்சுச் சொல்றன். நீங்க பொய்யா சொல்லப்போறீங்க? ஒரு ஒத்தாசதான."

அந்த ஒத்தாசையை வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நம்பரை எழுதிக்கொண்டு கிளம்பினாள்.

கேட் இருந்த இடத்துக்கு வந்தபோது ஒன்றேகால். கேட் திறந்துதான் இருந்தது. சிறிய அறைக்கு வெளியே, காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண்மணி நின்றிருந்தார். கலைமதி ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா இரண்டடி முன்னால் வந்தார்.

"நீங்க போன ஞாயித்துக்கெழம ஓடுனவங்கதான?"

கலைமதி ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஆளு நல்லா இருக்கீங்களா? ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்ட அந்த அம்மா, சட்டென்று அறைக்குள் அடித்த போனைப் பார்த்துத் திரும்பினார். "இங்க டூட்டில நின்னு பேசக் கூடாதும்மா. ரெண்டு மணிக்கி ஆளு மாத்தும். அந்த மரத்தடியில இருங்க, வந்துடறன். போயிடாதீங்க."

கலைமதி முக்கால் மணி நேரம் மரத்தடியில் காத்திருந்தாள். கேட் இரண்டு முறை மூடித் திறந்தது. இரண்டு மணிக்கு ஒரு ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார். அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, காக்கியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். பெயர் லூர்துமேரி. கணவர் தண்டவாள வேலையில் இருந்தபோது நெஞ்சுவலியில் இறந்தாராம், அவர் வேலை இவருக்கு வந்து பதினான்கு வருடம். இரண்டு மகன்களும் ஓசூரில் கம்பெனியில் இருக்கிறார்கள். பொம்மிடியில் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறார்.

கலைமதி தான் வந்த காரியத்தைச் சொன்னாள். வாட்ச், சார்ஜ், ஐம்பது கிலோமீட்டர், சாட்சி. லூர்துமேரி முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப யாரும் சாவலியா?"

"சாவறதா?"

"நான் வேற நெனச்சுட்டன்மா. பன்னண்டே முக்கால் இருக்கும். கூட்ஸ் வருதுன்னு கேட்டப் போட்டன். நீங்க வந்து நின்னீங்க. நின்ன எடத்துலயே காலத் தூக்கித் தூக்கி வெக்கறீங்க. மொகமெல்லாம் தண்ணி. மொதல்ல வேர்வைன்னு நெனச்சன். அப்புறம் பாத்தா அழுதுட்டிருக்கீங்க."

"நானா?"

"தேம்பித் தேம்பி. கூட்ஸ் சத்தத்துல உங்களுக்கே கேட்டிருக்காது. வூட்ல யாருக்கோ ஏதோ ஆயிருச்சு, பஸ்ஸு கெடைக்கல, ஓடியே போறாங்கன்னு நெனச்சன். கேட்டத் தூக்குனதும் கூப்புட்டன். ஏம்மா, ஏம்மான்னு ரெண்டு தபா. நீங்க திரும்பல. கேட்ட வுட்டுட்டு நான் வர முடியாது. அன்னிக்கி டூட்டி முடிஞ்சி போயி சாப்புடவே புடிக்கல. சாயங்காலம் கோயிலுக்குப் போனப்ப உங்களுக்காக ஒரு மெழுவத்தி கொளுத்தி வெச்சன். பேரு தெரியாதுல்ல, ஓடிப்போன பொண்ணுக்குன்னு சொல்லி வெச்சன்."

கலைமதி அந்த ஓட்டத்தை நினைத்துப் பார்த்தாள். கேட் நினைவிருந்தது, ரயில் நினைவிருந்தது, கால் வலி நினைவிருந்தது. அழுதது மட்டும் நினைவில் இல்லை. ஆனால் அந்த அம்மா பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. பஞ்சர் கடைக்காரர் போல் சிவப்புச் சட்டை என்று சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் ஆதார் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், முன்பின் தெரியாத ஒருத்தர் சோறு இறங்காமல் அவளை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"எதுக்கும்மா அழுதீங்க?"

"தெரியலீங்க்கா."

லூர்துமேரி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். கலைமதி குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போன் நம்பர எழுதிக்கோ கண்ணு" என்றார் லூர்துமேரி. வாங்க போங்க அதற்குள் நின்றுவிட்டிருந்தது. "யாரு கேட்டாலும் பாத்தத சொல்றன். டூட்டில பாத்தேன்னு எழுதிக் குடுக்கறது முடியாது, மேல ஆபீஸ்ல கேள்வி வரும். வாயால சொன்னாப் போதுமில்ல?"

"போதுங்க்கா."

அன்று ராத்திரி அறிவழகனுக்கு ஒரு பெயரையும் நம்பரையும் அனுப்பினாள். காகிதத்தில் இரண்டு நம்பர் இருந்தது. சின்னராஜ் நம்பரை இரண்டு முறை டைப் செய்து இரண்டு முறையும் அழித்தாள். அவர் சொன்னதைக் கொடுத்தால் பதக்கம் வந்துவிடும். ஆனால் லூர்துமேரி பார்த்ததற்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புச் சட்டையை வைக்க அவளுக்கு மனமில்லை.

மூன்று நாள் கழித்து லூர்துமேரியே போன் செய்தார். "சேலத்துலருந்து ஒரு தம்பி பேசுச்சு. எல்லாம் வெவரமாக் கேட்டுச்சு. எத்தன மணி, என்னா ட்ரெஸ்ஸு, எந்தப் பக்கமிருந்து வந்த, எல்லாம் சொன்னன். அழுதத மட்டும் சொல்லல. அது எதுக்கு அவுங்களுக்கு?"

அறிவழகன் தன்னால் முடிந்த மட்டும் பேசிப் பார்த்தார் போலிருக்கிறது. மாதக் கடைசியில் கூப்பிட்டபோது குரல் இறங்கியிருந்தது. "அந்தம்மா சொன்னத நான் நம்பறன் மேடம். ஆனா விதியில ரெண்டு பேருன்னு இருக்கு. ஒருத்தருக்குத் தளத்துனா எல்லாருக்கும் தளத்தணும். இன்னொருத்தர் யாராச்சும் கெடைச்சாங்களா?"

"இல்லீங்க. பாத்தவங்க ஒருத்தவங்கதான்."

பிப்ரவரி முதல் தேதி பட்டியல் வந்தது. முடித்தவர்கள் நூற்றுப்பதினாறு பேர். அதற்குக் கீழே முடிக்காதவர்கள் பெயர் வரிசை. கலைமதி, தருமபுரி, 38.72. குழுவில் யாரோ ஒருவர் அடுத்த முறை வெற்றி நிச்சயம் என்று போட்டார். நான்கைந்து பேர் கும்பிடு போட்டார்கள். அப்புறம் பேச்சு ஷூவுக்குப் போய்விட்டது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடித்தாள்.

பிப்ரவரி மூன்றாவது ஞாயிறு, வெயில் ஏறுவதற்கு முந்தைய கடைசிக் குளிரில், அதிகாலை மூன்றரைக்கே கிளம்பி அவள் மறுபடி அந்தப் பாதையில் ஓடினாள். இந்த முறை எந்தப் போட்டியும் இல்லை. நேரலையை ஆஃப் செய்தாள். நாடித்துடிப்பை ஆஃப் செய்தாள். திரை தானாக அணையும்படி வைத்தாள். போனைத் தனியாகப் பையில் அணைத்தே வைத்திருந்தாள். யாருக்கும் லிங்க் அனுப்பவில்லை. முந்தைய வெள்ளிக்கிழமை லூர்துமேரி ஏதோ பேச்சுக்குக் கூப்பிட்டபோது மட்டும், ஞாயிறு அந்தப் பக்கம் வருவேன் என்று சொன்னாள்.

"எனக்கு அன்னிக்கி ரெண்டு மணி டூட்டி" என்றார் லூர்துமேரி. "கேட்ல வேற ஆளு இருப்பாங்க."

"பரவால்லீங்க்கா. சும்மா சொன்னன்."

ஓட்டம் முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. இருபத்தைந்திலேயே இடது குதிகால் வலித்தது. கடத்தூரில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். புளியமரத்தைத் தாண்டும்போது வாட்சில் முப்பத்தொரு சதவீதம் இருந்தது. கேட் திறந்திருந்தது. அதில் இருந்த ஆள் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார், அவளைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நடந்தும் ஓடியும்தான் வந்தாள். பொம்மிடி நிலையத்தின் வேப்பமரம் கண்ணுக்குத் தெரிந்தபோது 49.8. அது ஐம்பதாகும்வரை வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, பொத்தானை அழுத்தினாள். 50.04. பேட்டரி பதினொன்று.

மரத்தடியில் லூர்துமேரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய பழைய மொபெட் நின்றது. காக்கிச் சட்டையைக் கையில் மடித்து வைத்திருந்தார்.

"பன்னண்டு மணிலருந்து உக்காந்திருக்கன். வரமாட்டன்னு நெனச்சுட்டன்" என்றார். எழுந்து அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். ஒரு டப்பாவைத் திறந்தார். தயிர்சாதம், அதன்மேல் மாங்காய் ஊறுகாய். "மொதல்ல தண்ணியக் குடி. அப்புறம் இத மெதுவா சாப்புடு."

கலைமதி சாப்பிட்டாள். அவசரத்தில் சோறு மடியில் சிந்தியது. லூர்துமேரி தன் மகன்களைப் பற்றிப் பேசினார். பெரியவன் பெண்டாட்டி சமைக்கவே மாட்டாளாம். கேட்டை மூடிவிட்டுக் கீழே பாலம் கட்டப்போகிறார்களாம், அது வந்தால் தன்னை எந்த ஊருக்குப் போடுவார்களோ என்றார். கலைமதி தன் மகளைப் பற்றிச் சொன்னாள், அவள் ஊசி போடப் பயந்த முதல் நாளைப் பற்றி. இருவரும் சிரித்தார்கள்.

பஸ் நேரம் பார்க்கப் போனை ஆன் செய்தாள். அது உடனே அடித்தது. மாதவராஜ். அங்கே சாப்பாட்டு நேரம்.

"எங்க இருக்க மதி? காலைலருந்து போன் ஆஃப்ல இருக்குது? மோட்டார் ரிப்பேருக்கு ஆளு வந்தானா இல்லியா?"

"அப்புறமா கூப்புடறங்க" என்றாள். "ஒருத்தவங்களோட உக்காந்திருக்கன்."

"யாரு?"

கலைமதி திரும்பிப் பார்த்தாள். லூர்துமேரி டப்பாவை மூடி, கரண்டியைப் பாட்டில் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார்.

"பொம்மிடியில தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மணி ஒன்றரை ஆகியிருந்தது. டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று லூர்துமேரி எழுந்து காக்கியைப் போட்டுக்கொண்டார். "தருமபுரி பஸ்ஸு ரெண்டேகாலுக்குத்தான். நெழல்லயே இரு, எந்திரிச்சு நடக்காத" என்றார். மொபெட் இரண்டு உதையில் கிளம்பவில்லை, மூன்றாவதில் கிளம்பியது. திருப்பத்தில் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு மறைந்தது.

கலைமதி ஷூவைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள். சேலம் போகிற ரயில் ஒன்று வந்து நின்று போனது. இறங்கியவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு நிலைய வாசல் காலியாயிற்று. பஸ் வரும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.